எழுதியிருக்கு, ஐயா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. மிகச் சிறிய பொய்தான், சொல்லி முடிக்க அரை மூச்சுகூட ஆகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், "இவனை நம்பி மிச்சத்தை எதுக்குப் படிக்கணும்" என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் மூன்றாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தியோன். சுருக்கெழுத்தன். மெலித்தோரா என்ற மலையடிச் சிற்றூரின் கிறிஸ்தவச் சபைத் தலைவரான ஆயர் எப்பிகோனோசிடம் வேலை பார்த்தவன். அவர் பேசுவதை மெழுகுப் பலகையில் எழுத்தாணியால் கீறிக்கொண்டு, பிறகு தாளில் மையால் விரித்து எழுதுவேன். மையும் நானே காய்ச்சுவேன்: கரிப்புகை, பிசின், எலி கடிக்காமல் இருக்க எல்லா எழுத்தரும் சேர்க்கிற ஒரு கசப்பு மூலிகை. இப்படி முப்பது வருடம் அடுத்தவர் வாயை எழுதியிருக்கிறேன். என் வாக்கியம் என்று ஒன்றுகூட எழுதியதில்லை. இப்போது கதை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. தொடக்கமாக மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) "பேரரசரின் ஆணைப்படி ஐந்நூறு ஆயர்களும் கல்செதோன் நகரின் யூபேமியா கோயிலில் கூடியபோது, எல்லோரும் ஒருமனதாக–"

வேண்டாம். இது பதிவேடு. அதோடு "எல்லோரும் ஒருமனதாக" என்பது எங்கள் தொழிலின் பழக்கதோஷம். பத்துப் பேர் கத்தினாலும் எல்லோரும் என்றுதான் எழுதுவோம். தலை நிமிர்ந்து எண்ணிக்கொண்டிருந்தால் அடுத்த வரி போய்விடும்.

(ஆ) "கிறிஸ்து யார் என்ற கேள்விக்காக நான் ஒரு மனிதரின் கையைப் பிடித்து–"

இது சீக்கிரம் வந்துவிட்டது. அப்புறம்.

(இ) "அம்மியா அக்கா மீன் வாங்கப் போனாள்."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அம்மியா அக்கா மீன் வாங்கப் போனாள். ஆயரின் கூடப்பிறந்த மூத்தவள், கணவனை இழந்தவள். "இவனைத் தனியா அனுப்பினா அத்திப்பழத்தையே தின்னுட்டு வயித்துவலியோட வருவான்" என்று எங்களோடு கல்செதோனுக்குப் புறப்பட்டு வந்துவிட்டாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். துறையில் சூரை மீன் குவிந்து கிடந்த காலம். ஆயர்கள், அவர்களுடைய குருக்கள், எழுத்தர்கள், சமையல்காரர்கள், கழுதைகள் என்று கால் வைக்க இடமில்லை.

"ரெண்டு குடுப்பா," என்றாள் அக்கா.

மீன்காரன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இந்த ஊர்ல இப்ப ரெண்டுன்னு சத்தமாச் சொல்லாதீங்க. நேத்து ஒருத்தர் சொன்னாரு. பின்னாடி நின்ன எகிப்துச் சாமியாருங்க கூடையையே கவுத்துட்டாங்க."

"அப்ப ஒண்ணு குடு."

"ஒண்ணுன்னாலும் வம்புதான். அந்தப் பக்கம் சிரியாக்காரங்க நிக்கிறாங்க."

"அப்ப நான் என்னத்தைய்யா திங்கிறது?"

"விரலைக் காட்டுங்கம்மா. நான் எடுத்துப் போடறேன்."

சண்டை இதுதான். கிறிஸ்து கடவுள், கிறிஸ்து மனிதர். இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தபின் அவரிடம் இருப்பது ஓர் இயல்பா, இரண்டா? ஒன்று என்றால், கடலில் விழுந்த தேன்துளி மாதிரி மனிதர் காணாமல் போய்விடுகிறார். பிறகு சிலுவையில் வலித்தது யாருக்கு? இரண்டு என்றால், தொழுவத்தில் அழுகிறவர் ஒருவர், வானத்தில் ஆள்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. பிறகு நாம் கும்பிடுவது யாரை? நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நீசேயாவில் கூடியவர்கள், மகனும் தந்தையைப் போலவே முழுக் கடவுள் என்று தீர்மானித்துவிட்டுப் போனார்கள். முன்வாசல் கேள்வி அத்தோடு முடிந்தது. இந்தக் கேள்வி கொல்லைப்புற வழியாக வந்தது.

எங்கள் மலைச்சனம் ஒன்று என்ற கட்சி. ஆயரை வழியனுப்பும்போதே சொல்லிவிட்டார்கள்: "சாமியை ரெண்டாப் பொளந்துட்டு வந்தீங்கன்னா ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. இப்பவே சொல்லிட்டோம்." சொன்னால் செய்கிறவர்கள். மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

[இதுவரை எழுதியதை அம்மியா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவளுக்கு எண்பது ஆகப்போகிறது. காது மட்டும் கூர்மை. "என்னை இவ்வளவு வாயாடியாவா எழுதுவே," என்றாள். பிறகு, "மீன்காரன் பேச்சை அப்படியே எழுதிட்டே. அடுத்தது எபேசு. அதையும் இப்படியே எழுதுவியா, மழுப்புவியா?" என்று கேட்டாள். எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்துகொண்டு அவள் இதைக் கேட்டாள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் முடிவு தெரிந்துவிடும்.]

3

எபேசு. கல்செதோனுக்கு இரண்டு வருடம் முந்திய கோடை. அங்கும் ஆயர்கள் கூடிய ஒரு சங்கம், இதே கேள்வி. இரண்டு என்று சொன்ன தலைநகர் ஆயர் ஒருவரை, நல்ல மனிதரை, பதவி நீக்க வேண்டும் என்று கூச்சல். கோயில் கதவுகளைச் சாத்தினார்கள். படைவீரர்கள் வந்தார்கள், தடி பிடித்தவர்களும் வந்தார்கள். பிறகு தாள்களை வரிசை வரிசையாக அனுப்பினார்கள். எழுத்தே இல்லாத தாள்கள். முதலில் கையெழுத்து, மேலே பிறகு நிரப்பிக்கொள்வார்களாம்.

எப்பிகோனோஸ் மூன்றாம் வரிசையில் இருந்தார். நான் அவர் காலடியில். அதற்குள் என் பலகையைப் பிடுங்கி மெழுகை வழித்துவிட்டார்கள். விடாமல் பிடித்திருந்த குற்றத்துக்குச் சுட்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தார்கள்.*

தாள் அவர் கைக்கு வந்தது. அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தலையை இடமிருந்து வலமாக மெல்ல அசைத்தார். வரி வரியாக வாசித்தார். வெறுந்தாளை வாசித்தார்.

அவருக்குக் கண் தெரியாது. நாலு வருடமாகப் பால் படிந்து, வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். இது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கண் இல்லாதவரை ஆயராக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனபிறகு கண் போனால் என்ன செய்வது என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை. நற்செய்தியை மனப்பாடமாகச் சொல்வார், பக்கத்தைச் சரியான இடத்தில் புரட்டுவார். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

என் பக்கம் குனிந்தார். "ஏப்பா, எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு, ஐயா."

"என்னன்னு?"

"நீசேயாவில சொன்னதே போதும், புதுசா ஒண்ணும் சேக்க வேணாம்னு."

"அது சரிதானே," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அவர் கையைப் பிடித்து, பேனாவை நனைத்து, இடம் காட்டினேன். போட்டார். என் விரல் வலி அவர் கைக்குத் தெரிந்திருக்குமோ என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

அந்தத் தாளில் பிறகு எழுதப்பட்டது அந்த நல்ல மனிதரைப் பதவி நீக்கும் தீர்ப்பு. நாடுகடத்தும் வழியில் அவர் இறந்தார் என்று சேதி வந்தது. எப்பிகோனோஸ் மூன்று நாள் சாப்பிடவில்லை. "நாம அதுக்கா போட்டோம்?" என்று கேட்டார். "நாம போட்ட பிறகு அவங்களா சேத்துட்டாங்க, ஐயா," என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்க்குத் துணைக்கு வந்தது.

* அந்த விரல் இன்றும் நேராக நிற்காது. இதை அடிக்குறிப்பில் போட்டிருப்பதற்குக் காரணம், மேலே போட்டால் நீங்கள் என்மேல் இரக்கப்படுவீர்கள். இரக்கம் அந்த இடத்தில் எனக்கு வேண்டாம்.

4

எப்பிகோனோஸ் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. மிகவும் நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். ஆகவே: அவர் பிடிவாதக்காரர். அத்திப்பழத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார். பாட்டு வராது, ஆனால் பாடுவார். கண் போனதை மறைத்தது பதவிக்காக மட்டும் இல்லை, கௌரவத்துக்காகவும்தான். யாராவது படிக்கத் திணறினால் "கொண்டா இங்கே" என்று வாங்கி, மனப்பாடமாகச் சொல்லி, "இதுகூடத் தெரியலையா" என்று திருப்பித் தருவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

இவ்வளவும் சொல்லியாயிற்று. இன்னும் நல்லவராகத்தான் தெரிகிறார். நான் என்ன செய்ய?

5

கல்செதோன் சங்கத்தின் முதல் நாள். நடுவில் நற்செய்தி நூல். பலிபீடத் தடுப்புக்கு முன்னால் அரசாங்க அதிகாரிகள். இரண்டு பக்கமும் ஆயர்கள். எபேசுப் பதிவுகளை உரக்க வாசித்தார்கள். கையெழுத்துப் பட்டியல் வந்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். "வெறுந்தாள்லதான் போட்டோம்." "அடிச்சாங்க, போட்டோம்." "பயந்து போட்டோம்." எகிப்தியர் பக்கம் கேலி: "கிறிஸ்துவோட ஆளுக்குப் பயம் ஏது?"

எப்பிகோனோஸ் எழுந்தார்.

"என் தாள் வெறுந்தாள் இல்லை," என்றார். "நீசேயா நம்பிக்கை எழுதியிருந்தது. அதுக்குத்தான் போட்டேன்."

பாருங்கள், எல்லோரும் தப்பித்துக்கொண்டிருந்த வழி அது. "வெறுந்தாள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பொய்யை நம்பிய பாவத்துக்கு அந்த வழியை அவரே அடைத்துக்கொண்டார்.

அதிகாரி கேட்டார்: "நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"இந்தத் தாள்ல தீர்ப்பைத் தவிர ஒண்ணும் இல்லையே. எத்தனை வரி வாசிச்சீங்க?"

"பத்துப் பதினஞ்சு," என்றார்.

சிரிப்பு. பின்வரிசையிலிருந்து, "கிழவர் கனவுல வாசிச்சிருப்பாரு." இன்னும் சிரிப்பு. "எல்லோரும் சிரித்தார்கள்" என்று என் பலகையில் கீறினேன். கீறிய பிறகு தலையைத் தூக்கினேன். எல்லோரும் சிரிக்கவில்லை. ஒருவர் சிரிக்கவில்லை. எப்பிகோனோஸ் தன் காதை என் பக்கம் திருப்பி, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தார்.

சுருக்கெழுத்தனுக்குச் சங்கத்தில் வாய் கிடையாது. காதும் கையும்தான். எழுந்து நின்றேன். பலகை கீழே விழுந்தது.

"அது வெறுந்தாள்ங்க."

"யாருய்யா அது? உக்காரு."

"அவரோட எழுத்தன். எழுதியிருக்குன்னு சொன்னது நான். கையைப் பிடிச்சுப் போடவெச்சதும் நான்."

"அவருக்குக் கண் இல்லையா என்ன?"

இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வேன்? சொன்னால் அவர் பதவி போகிறது.

"இல்லைங்க," என்றார் எப்பிகோனோஸ். "ஆறு வருஷமா இல்லை. வாசிச்சேன்னு சொன்னது பொய்." பிறகு என் பக்கம்: "ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"பயந்துட்டேன், ஐயா."

"நானும் பயந்துதான்டா தூக்கிப் பிடிச்சு வாசிச்சேன்." அதிகாரிகள் இருக்கும் திசையைத் தோராயமாகப் பார்த்தார். "இதுல இவன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவுன்னு வெட்டிப் பாக்காதீங்க. நான் இல்லாம இவன் போட்டிருக்க முடியாது, இவன் இல்லாம நான் போட்டிருக்க முடியாது. இவன் பொய் இவனுது, என் பொய் என்னுது. கையெழுத்து ஒண்ணுதான். அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

யாரோ தொடங்கினார்கள், அது பரவியது: நாங்கள் எல்லோரும் தவறிவிட்டோம், எல்லோரும் மன்னிப்புக் கேட்கிறோம். அன்றைக்கு "எல்லோரும்" என்பது உண்மையாக இருந்திருக்கலாம். என் பலகைதான் கீழே கிடந்ததே.

[இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. அவர் சொன்னது, அடுத்த பகுதியில் வரப்போகிற வரையறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வரையறையைக் கேட்டபிறகு நானாக அவர் வாயில் வைத்துவிட்டேனோ? மூன்று முறை இந்த இடத்தை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். அக்காவைக் கேட்டேன். "நான் அங்க இல்லையே. அவன் அப்படிச் சொன்னான்னு இருபது வருஷமாச் சொல்லிட்டுத் திரியறது நீதான்," என்றாள்.]

6

சங்கங்களைக் கேலி செய்வது எளிது. கூச்சல், தடி, அரண்மனை ஆள்கள், பசியோடு கொட்டாவி விடும் ஆயர்கள். உள்ளே உட்கார்ந்து எழுதியவன் நான், என்னைவிட நன்றாக யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் எனக்குக் கேலி வரவில்லை. கதைக்கு ஒரு தொடக்கம் எழுதவே மூன்று தாள் வீணாக்கியவன், அவர்களைப் பார்த்து மலைத்துப் போகிறேன்.

முதலில் ஒரு வரைவு வந்தது. பெரும்பாலானோர் ஆகா என்றார்கள். சிலர் போதாது என்றார்கள். மாற்றவே கூடாது என்று கூச்சல். கடைசியில் ஒரு சிலர் கோயிலுக்குள் இருந்த சிற்றறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, திரும்ப எழுதினார்கள். நீசேயாவின் வார்த்தைகளை அப்படியே வைத்தார்கள், ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. தங்கள் பங்காகக் கொஞ்சம்தான் சேர்த்தார்கள். கிறிஸ்து ஒருவரே, இரண்டு இயல்புகளில், கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல்.

நாலு "ஆமல்". அவ்வளவுதான். எப்படிச் சேர்ந்தது என்று விளக்கவில்லை. விளக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்ததை நூறு வருடமாகப் பார்த்தவர்கள் அவர்கள். ஆகவே நாலு பக்கமும் வேலி கட்டி, இதற்கு வெளியே போகாதே என்று மட்டும் சொல்லி, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வேலிக்குள் அழுகிற குழந்தைக்கும் இடம் இருந்தது, ஆள்கிற கடவுளுக்கும் இடம் இருந்தது. இதை எழுதியவர்கள் சாதாரண மனிதர்கள். இரண்டு வருடம் முன்பு வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் அதில் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

எங்கள் மலைச்சனத்துக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்களும் அதே கிறிஸ்துவைத்தான் நேசித்தார்கள். அவரை யாரும் வெட்டிவிடக் கூடாதே என்பதுதான் அவர்கள் பயம். தவறான பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

7

கையெழுத்து நாள். எப்பிகோனோசின் கண் விஷயத்தை அதிகாரிகள் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அதுவரை அவர் ஆயர்தான். காலையில் ரொட்டியும் ஒலிவக் காயும் வைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "போட்டா ஊர்ல கல்லு. போடலைன்னா இங்கயே பதவி போச்சு. எப்படிப் பாத்தாலும் மூட்டை கட்டணும். கட்டி வெச்சுட்டேன். நீ நிம்மதியா யோசி."

"அத்திப்பழத்தை எந்த மூட்டையில வெச்சே?" என்றார் அவர்.

முடிவுகள் இரண்டை எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் போட்டார். ஊர் எல்லையில் சனம் நின்றது. முதல் கல்லை எடுத்தவன், அவர் ஞானஸ்நானம் கொடுத்த–

(ஆ) அவர் போடவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என் சனத்துக்கு முதல்ல புரிய வெச்சுட்டு வரேன்," என்று–

இரண்டையும் பாதியில் விட்டிருக்கிறேன். ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். "முடிவை எழுதித் தொலையேன்டா," என்கிறாள். நடந்ததில் நான் எழுதக்கூடிய கடைசி இடம் வரை எழுதுகிறேன்.

தாள் எங்கள் வரிசைக்கு வந்தது. அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கவில்லை. மடியில் வைத்தார்.

"எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு, ஐயா."

அதே கேள்வி, அதே பதில். இந்தமுறை உண்மை. ஆனால் அவர் எப்படி நம்புவார்? கட்டைவிரலை நாக்கில் நனைத்தார். தாளின் மேல் அழுத்தித் தேய்த்தார். ஒரு சொல் கலைந்து கருப்பாக இழுபட்டது. பக்கத்து ஆயர், "ஐயையோ, என்ன பண்றீரு," என்று பதறினார். எப்பிகோனோஸ் விரலைத் திரும்ப நாக்கில் வைத்தார்.

"கசக்குது," என்றார். "எழுதியிருக்கு."

ஆறு வருடம் என் வார்த்தையே அவருக்குக் கண்ணாக இருந்தது. இனி நாக்குதான்.

"இப்ப வாசி. ஒரு வரி விடாதே."

வாசித்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, பின்வரிசைகள் முனகின. அவர் அசையவில்லை. நாலு "ஆமல்" வந்ததும் கையை உயர்த்தி, இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை வாசித்தேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கினார்.

"எங்க போடணும்?"

அவர் கையைப் பிடித்து இடத்தில் வைத்தேன்.

"சரி. இடம் தெரிஞ்சுது," என்றார். குரலில் கோபம் இல்லை. "இனி கையை எடுத்துக்கோப்பா. போடறதோ விடறதோ, இந்த ஒண்ணு என்னுதா இருக்கட்டும்."

எடுத்தேன். அவர் கை அங்கேயே, தாளுக்கு ஒரு நெல் உயரம் மேலே நின்றது. நடுங்கவில்லை.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். ஒருமுறை ஒருவர் கையைப் பிடித்து முடிவுக்குக் கொண்டுபோனேன், அது போதும். இதுவரை உள்ளது எழுதியிருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். இந்த மை நான் காய்ச்சியது, இதுவும் கசக்கும். இதற்குக் கீழே வெறுந்தாள். வெறுந்தாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உங்கள் கைமேலிருந்து என் கையை எடுத்துக்கொள்கிறேன்.